கிண்ணியாவில் செய்வித்த படகு ட்ரெயிலர்: இரண்டு பருவங்களின் பின் ஒரு மதிப்பீடு

நிலாவெளியில் எங்கள் குடும்பத்துக்குப் பதினெட்டரை அடி நீளமான பைபர் படகு ஒன்று இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை அதில் புறாத்தீவுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கிறோம். வாடைக்காற்று தொடங்கி எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அதே படகை மேற்குக் கரையிலுள்ள கற்பிட்டிக்குக் கொண்டுபோகிறோம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே டொல்பின் பார்க்க வருவோரின் பருவம். ஆகவே வருடத்தில் இரண்டு தடவைகள், ஹொரவப்பொத்தானை, அநுராதபுரம், புத்தளம் வழியாக, 200 கிலோமீற்றருக்கும் அதிகமான தூரம் எங்கள் கெப் வாகனத்தின் பின்னால் அந்தப் படகு தரைவழியாகப் பயணம் செய்கிறது. அந்தப் பயணத்துக்காக 2023 ஆம் ஆண்டு கிண்ணியாவிலுள்ள ஒரு கராஜில் புதிதாகச் செய்வித்த ட்ரெயிலரைப் பற்றியும், அதைச் செய்தவரின் வேலையைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். நான்கு பெரும் பயணங்களையும் கணக்கில்லாத சிறு ஓட்டங்களையும் முடித்த பிறகு எழுதுவதால், நல்லதையும் குறையையும் ஓரளவு உறுதியாகவே சொல்ல முடியும்.

முதலில், ஏன் புதிய ட்ரெயிலர் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு வேறொருவரிடம் இரவலாக வாங்கிய பழைய ட்ரெயிலரையே பயன்படுத்தி வந்தோம். ஒரு நாள் காலையில் நிலாவெளியிலிருந்து திருகோணமலை நோக்கி வரும்போது, வீதியின் குறுக்கே கிடந்த ஒரு மேட்டில் கெப்பின் பின்பக்கம் எழும்பி விழுந்த அதே கணத்தில், ட்ரெயிலரின் முன்முனையிலுள்ள பூட்டுத் தலை, அது கவிந்து பூட்டும் கெப்பின் இழுவை உருண்டையிலிருந்து கழன்று மேலே துள்ளியது. முன்னால் நீளும் ஏர்க்கால் தாரில் குத்தி, பொறி பறக்கச் சிறிது தூரம் இழுபட்டது. ஒரேயொரு சங்கிலி மட்டும் அறாமல் நின்றதால் படகு எதிரே வந்த பாதைக்குள் போகவில்லை. எதிரே அந்த நேரத்தில் பாடசாலைப் பிள்ளைகள் சைக்கிள்களில் வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. பூட்டுத் தலை 2 அங்குல உருண்டைக்கானது. எங்கள் கெப்பில் இருந்த உருண்டையோ 1 7/8 அங்குலமானது. வித்தியாசம் மூன்று மில்லிமீற்றரளவுதான். பூட்டுப் போடும்போது 'கிளிக்' என்ற சத்தம் கேட்கிறது, கையால் ஆட்டிப் பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கிறது, தட்டையான வீதியில் பல மாதங்கள் பிரச்சினையின்றி ஓடவும் செய்கிறது. மேலும் கீழும் ஒரு பெரிய குலுக்கல் வரும் நாளில்தான் அது கழலும். உருண்டையின் உச்சியில் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். பூட்டுத் தலையின் மேற்பக்கத்திலும் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் துருவைச் சுரண்டி வாசித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நாங்கள் அந்த இரண்டு நிமிடத்தை ஒருபோதும் செலவிட்டதில்லை.

இனி, கிண்ணியாக் கராஜ். அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. உழவு இயந்திரப் பெட்டிகளும் நெல் அறுக்கும் இயந்திரங்களின் உதிரிப் பாகங்களும் நிறைந்த ஒரு முற்றத்தில், அறுபது வயதை நெருங்கும் ஒருவர் தன் இரண்டு மகன்மாருடன் ஒட்டு வேலை செய்கிறார். எல்லோரையும் போல நானும் அவரை நானா (அண்ணன்) என்றே அழைக்கிறேன். நான் போன முதல் நாளே அவர் விலை சொல்லவில்லை. "படகு எத்தன கிலோ, தம்பி?" என்றுதான் கேட்டார். படகும் எஞ்சினும் சேர்ந்து 400 கிலோ வரும், ட்ரெயிலரோடு 600 கிலோவுக்குள் நிற்கும் என்று நான் உத்தேசமாகச் சொன்னேன். "உத்தேசத்துல ஒட்ட ஏலாது. செய்து முடிச்ச பிறகு நிறுத்துப் பாப்போம், அதுக்குப் பிறகுதான் பெயின்ட்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவரிடம் வேலையைக் கொடுத்தேன் என்று சொன்னால் மிகையில்லை. அதற்கு முன் நான் விசாரித்த இரண்டு இடங்களில் நீளத்தைக் கேட்டார்களே தவிர, நிறையைக் கேட்கவில்லை.

சட்டகம் தயாரானதும், பக்கத்திலிருந்த நெல் ஆலையில் லொறிகளை நிறுக்கும் தராசு மேடைக்கு, பயணத்துக்கு ஆயத்தமான நிலையில் படகோடு ட்ரெயிலரை இழுத்துச் சென்றோம். கெப்பைக் கழற்றி விட்டு ட்ரெயிலரை மட்டும் மேடையில் நிறுத்தியபோது அது 790 கிலோ காட்டியது. என் உத்தேசத்தைவிட ஏறக்குறைய 200 கிலோ அதிகம். எஞ்சின் 40 குதிரை வலுவுடையது, 70 கிலோவைத் தாண்டும். அதை நான் கணக்கில் எடுத்திருந்தேன். நான் எடுக்காதது மற்றதெல்லாம்: நிரப்பிய பெற்றோல் கான்கள், நங்கூரமும் அதன் கயிறும், கூரைக்குரிய இரும்புக் குழாய்கள், இருபது உயிர்காப்பு அங்கிகள், குளிர்பெட்டி. இவை ஒவ்வொன்றும் கையால் தூக்கக்கூடிய பொருளாக இருப்பதால் நிறை என்ற எண்ணமே வருவதில்லை. அதோடு ட்ரெயிலரின் சொந்த நிறை 300 கிலோவை எட்டியிருந்தது.

இந்த எண் ஏன் முக்கியமென்றால், எங்கள் கெப்பின் கையேட்டில், தனக்கென பிரேக் இல்லாத ட்ரெயிலரை இழுப்பதற்கான உச்ச நிறை 750 கிலோ என்று எழுதப்பட்டிருக்கிறது. இவ்வகையான பெரும்பாலான கெப் வாகனங்களுக்கும் அதே எல்லைதான். எஞ்சினால் இழுக்க முடியாது என்பதல்ல அதன் பொருள். எஞ்சின் அதைவிட மூன்று மடங்கை இழுக்கும். நிறுத்த முடியாது என்பதே பொருள். கெப்பின் நான்கு சில்லுகளிலுள்ள பிரேக்குகள் தன்னுடைய நிறையோடு, பின்னாலிருந்து தள்ளும் இன்னொரு முக்கால் தொன்னையும் நிறுத்த வேண்டும். வேகம் 40 கிலோமீற்றரிலிருந்து 80 ஆகும்போது, நிறுத்துவதற்குக் கரைக்க வேண்டிய சக்தி இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகிறது. வாகனம் வாங்கும்போது எத்தனை குதிரை வலு, எவ்வளவு இழுவை என்று கேட்பவர்கள், ட்ரெயிலர் வாங்கும்போது இதைக் கேட்பதில்லை. எங்கள் பிரதேசத்தில் கெப்புக்கு இலட்சக்கணக்கில் செலவழித்து, ட்ரெயிலரைப் பழைய இரும்புக் கடையில் தேடும் வழக்கம் அதிகம். நானும் இரவல் ட்ரெயிலரோடு அப்படித்தான் ஓடினேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நானா இரண்டு வழிகளைச் சொன்னார்: ஒன்று, பிரேக் பூட்ட வேண்டும், அல்லது, படகுக்குள் இருக்கும் சாமான்களை இறக்கிக் கெப்பின் பெட்டியில் ஏற்ற வேண்டும். அந்த வருடம் கையில் பணம் போதாததால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். சாமான்களை இறக்கியபின் தராசு 700 கிலோ காட்டியது.

அடுத்ததாக முன்பாரம். மாட்டு வண்டி ஓட்டிய தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. வண்டியில் பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் அளவுக்கு மிஞ்சினால் மாடு தலையைத் தூக்க முடியாமல் திணறும். மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்துத்தான் வண்டியைப் பூட்டுவார்கள். ட்ரெயிலருக்கும் அதே விதிதான், விளைவுதான் கொடியது. மொத்த நிறையில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு பூட்டுத் தலையின் வழியாகக் கெப்பின் மீது அமர வேண்டும். அதைவிட மிகவும் குறைந்தால், வேகம் ஏறும்போது ட்ரெயிலர் பாம்பைப் போல இடமும் வலமும் ஆடத் தொடங்கும்; மிகவும் கூடினால் கெப்பின் பின்பக்கம் தாழ்ந்து, முன் சில்லுகள் தரையை இறுகப் பற்றாமல் ஸ்டியரிங் இலேசாகிவிடும். படகுக்கு இந்த ஆபத்து இயல்பிலேயே அதிகம், ஏனென்றால் அதன் மிகப் பாரமான பொருளான எஞ்சின் கடைசி முனையில் தொங்குகிறது.

அளப்பதற்கு நானா பயன்படுத்தியது வீட்டில் உடல் நிறை பார்க்கும் சாதாரணத் தராசு. அதன்மேல் ஒரு மரக்குற்றியை வைத்து, ட்ரெயிலர் கெப்பில் பூட்டப்படும் அதே உயரத்தில் பூட்டுத் தலையை அதன்மேல் இறக்கினார். உயரம் மாறினால் அளவும் மாறும் என்பதால் அதில் அவர் கண்டிப்பாக இருந்தார். 700 கிலோவுக்கு எங்களுக்குக் கிடைத்த முன்பாரம் 20 கிலோ மட்டுமே.

"ஒருக்கா ஓடிப் பாத்தாத்தான் ஒங்களுக்கு விளங்கும்" என்று சொல்லி என் பக்கத்தில் ஏறி அமர்ந்தார். கிண்ணியாப் பாலத்தை நோக்கிப் போனோம். 2009 ஆம் ஆண்டு ஒக்டோபரில் திறக்கப்பட்ட, 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் வருவதற்கு முன்பு, அதே நீரைப் 'பாதை' எனப்படும் மிதவையில் வாகனங்களை ஏற்றித்தான் கடந்தோம். சிறு வயதில் அந்தப் பாதையில் நின்றபடி நீரைப் பார்த்துக்கொண்டே போன நினைவு எனக்கு உண்டு. இப்போது பாலத்தில் ஏறியதும் குடாவிலிருந்து வீசும் காற்று படகின் பக்கவாட்டில் நேராக அடிக்கிறது. 50 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டியதும், பக்கக் கண்ணாடியில் படகின் பின்பகுதி ஒருமுறை இடப்பக்கமும் அடுத்து வலப்பக்கமும் எட்டிப் பார்த்தது. இரண்டாவது ஆட்டம் முதலாவதைவிடப் பெரியது. என் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது.

"பிரேக்க மிதிக்காதிங்க, தம்பி. கால எடுங்க, ஸ்டியரிங்க நேரா பிடிங்க, ஆட்டத்துக்கு எதிராத் திருப்பாதிங்க" என்றார், குரலை உயர்த்தாமல்.

வேகம் தானாகக் குறைந்து 40 ஆனபோது ஆட்டம் அடங்கியது. அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தியிருந்தால், கெப் மெதுவாக, ட்ரெயிலர் அதே வேகத்தில் பின்னாலிருந்து கோணலாகத் தள்ளியிருக்கும். இரண்டும் கத்தரிக்கோலைப் போல மடிந்திருக்கும். ஆட்டத்தைத் திருத்த ஸ்டியரிங்கை மாறி மாறித் திருப்புவதும் ஊஞ்சலை ஆட்டிவிடுவதற்கே சமம். இதைப் பலரிடம் வாயால் கேட்டிருக்கிறேன். ஆனால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும் அந்தக் கணத்தை அனுபவித்த பிறகுதான் அதைத் தடுக்கப் பழகிக்கொண்டேன். வாடிக்கையாளரை அழைத்துச் சென்று, பாதுகாப்பான வேகத்தில், பிழையான நிலையிலுள்ள தன் பொருளைத் தானே காட்டிக்கொடுக்கும் தொழிலாளியை நான் வேறெங்கும் கண்டதில்லை. பாலத்தில் வேறு வாகனம் வராத நேரம் பார்த்துத்தான் அதையும் செய்தார். இருந்தாலும் அந்தச் சோதனையைப் பாலத்தில் அல்லாமல் ஒரு வெட்டையில் செய்திருக்கலாம் என்ற கருத்து எனக்கு உண்டு. அதை அவரிடமும் சொன்னேன்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் இந்த ட்ரெயிலரின் மிகச் சிறந்த அம்சம். அச்சைச் சட்டகத்தோடு நிரந்தரமாக ஒட்டாமல், ஸ்பிரிங் தட்டுகளுடன் சேர்த்து ஒரு துணைச் சட்டத்தில் பொருத்தி, அந்தத் துணைச் சட்டத்தை யூ போல்ட்டுகளால் நீளவாக்கில் பிணைத்திருந்தார். போல்ட்டுகளைத் தளர்த்தினால் அச்சு முழுவதும் முன்னும் பின்னும் நகரும். அதை ஒரு அடி பின்னுக்கு நகர்த்தி, இரண்டு பக்கமும் பூட்டுத் தலையிலிருந்து ஒரே தூரம் இருக்கிறதா என்று அளந்து இறுக்கினார். ஒரு பக்கம் சில மில்லிமீற்றர் விலகினாலும் ட்ரெயிலர் நண்டைப் போலப் பக்கவாட்டில் ஓடி டயரைத் தின்றுவிடும். மீண்டும் தராசில் இறக்கியபோது முன்பாரம் 67 கிலோ. திரும்பவும் பாலத்தைக் கடந்தோம். அதே காற்று, அதே வேகம். கண்ணாடியில் படகு அசையவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஆட்டம் வரவில்லை. எஞ்சினையோ படகையோ மாற்றினாலும் அச்சை மீண்டும் நகர்த்திக்கொள்ளலாம் என்பது கூடுதல் பயன்.

பூட்டுப் பகுதியிலும் அவருடைய வேலை திருத்தமானது. எங்கள் கெப்பின் உருண்டை பின்பக்கப் படிக்கட்டு பம்பரில் பூட்டப்பட்டிருந்தது. அது மனிதர் ஏறி நிற்பதற்கான தகடு, இழுப்பதற்கானதல்ல என்று கூறி, வாகனத்தின் இரண்டு சேஸி விட்டங்களோடும் பிணைந்த ஒரு குறுக்குச் சட்டத்தைச் செய்து அதில் 2 அங்குல உருண்டையைப் பொருத்தினார். பயன்படுத்திய போல்ட்டுகளின் தலையில் 8.8 என்று பொறிக்கப்பட்டிருப்பதை எனக்குக் காட்டினார். எண் இல்லாத சாதாரண போல்ட்டுகளின் வலிமை அதற்குக் கிட்ட வராது. பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டு. அவற்றை ஏர்க்காலின் கீழே ஒன்றையொன்று குறுக்காக வெட்டும்படி மாட்டச் சொல்லித் தந்தார். பூட்டு கழன்றாலும் ஏர்க்கால் தாரில் விழாமல், தொட்டிலில் விழுவதுபோல அந்தக் குறுக்கில் விழும். நிலாவெளியில் எனக்கு நடந்ததை நினைத்துப் பார்த்தால், சங்கிலியை அப்படி மாட்டியிருந்தால் பொறி பறந்திருக்காது. சங்கிலியின் நீளம் வளைவில் திரும்பத் தேவையான அளவு மட்டுமே இருக்க வேண்டும். தரையில் உரசுமளவு தொங்கினால் அது தேய்ந்து, தேவைப்படும் நாளில் அறுந்துவிடும்.

உப்பு நீருக்கான ஏற்பாடுகளிலும் அனுபவம் தெரிந்தது. சட்டகத்துக்குப் பெட்டிக் குழாய்க்குப் பதிலாக, ஒரு பக்கம் திறந்த சனல் இரும்பைப் பயன்படுத்தினார். மூடிய குழாய்க்குள் நுழைந்த கடல் நீர் வெளியேற வழியின்றி உள்ளேயிருந்தே தின்னும். வெளியே பூச்சு பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகடு காகிதமாகியிருக்கும். திறந்த சனலில் துரு பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், நல்ல தண்ணீரால் கழுவவும் முடியும். நான் வாரமொருமுறை கழுவுகிறேன். இரண்டு பருவங்களுக்குப் பிறகு சில ஒட்டு மூலைகளில் மட்டும் செம்மை தெரிகிறது.

இனிக் குறைகள். முதலாவது, டயர். ட்ரெயிலரை ஒப்படைத்தபோது டயர்களின் பூக்கள் புதியதுபோல ஆழமாக இருந்தன. பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களைப் பார்த்தேன்: 1416. அதாவது 2016 ஆம் ஆண்டின் 14 ஆவது வாரத்தில் செய்த டயர். அப்போதே ஏழு வயது கடந்துவிட்டது. ட்ரெயிலர் டயர்கள் ஓட்டத்தால் தேய்வதைவிட, வெயிலில் நின்று காய்ந்தே கெடுகின்றன. பூ ஆழமாக இருந்தாலும் சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழுந்துவிடும். பாரத்தோடு சூடேறும்போது அங்கேதான் பிளக்கும். சுட்டிக்காட்டியதும் நானா வாதாடவில்லை; மறுவாரம் வேறு இரண்டைப் பூட்டித் தந்தார். ஆனால் நான் பார்த்திராவிட்டால் அதே டயர்களோடு கற்பிட்டிக்குப் போயிருப்பேன். இவ்வளவு கவனமான ஒருவர் இதில் கவனக்குறைவாக இருந்ததை என்னால் இலகுவாகக் கடந்துபோக முடியவில்லை. மாற்று டயரும் அதற்குரிய இடமும் ஆரம்ப விலையில் சேரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கெப்பின் மாற்று டயர் ட்ரெயிலருக்குப் பொருந்தாது. ஆகவே ட்ரெயிலருக்கென்று தனியாக ஒன்று வேண்டும்.

இரண்டாவது குறை மின்விளக்குகள், இதுவே பெரியது. வயர் இணைப்புகளை முறுக்கி, வெறும் கறுப்பு ஒட்டுநாடாவால் சுற்றியிருந்தார்கள். பூமிக் கம்பியை விளக்குவரை தனியாகக் கொண்டுபோகாமல் சட்டகத்தோடு விட்டிருந்தார்கள். அதனால் மின்சாரம் திரும்பும் வழி, கிறீஸும் துருவும் படிந்த இழுவை உருண்டையின் வழியாகவே அமைந்தது. இரண்டாம் மாதத்தில் வலப்பக்கச் சைகை விளக்கு நின்றது. மூன்றாம் மாதத்தில் பிரேக்கை மிதித்தால் சைகை விளக்குகள் மங்கலாக எரிந்தன. பின்னால் வருபவருக்கு நாம் நிறுத்துகிறோமா திரும்புகிறோமா என்று தெரியாத வாகனம் வீதியில் ஓடக்கூடாது. திருகோணமலை நகரில் வாகன மின் வேலை செய்யும் வேறொரு இளைஞரிடம் கொடுத்து, ஒவ்வொரு விளக்குக்கும் தனிப் பூமிக் கம்பி இழுத்து, இணைப்புகளைப் பற்றவைத்து நீர் புகாத உறையிட்டு, நீரில் மூழ்கினாலும் பழுதாகாத மூடிய எல்ஈடி விளக்குகளைப் பூட்டினேன். அதன் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை. இரும்பு வேலை தெரிந்தவரிடம் மின் வேலையையும் சேர்த்துக் கொடுத்தது என் பிழையும்தான்.

வழியில் செய்யும் வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடியற்காலையில் புறப்பட்டு, வெளிச்சத்திலேயே போய்ச் சேர்வோம். இரவில் ஹொரவப்பொத்தானைப் பக்கம் யானையும், எல்லா இடத்திலும் கட்டாக்காலி மாடுகளும் வீதியில் நிற்கும், ட்ரெயிலரோடு அவற்றுக்குச் சட்டென விலக முடியாது. 60 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டுவதில்லை. முன்னால் போகும் வாகனத்துக்கும் எமக்கும் இடையே வழமையைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுகிறோம். முதல் இருபது கிலோமீற்றரில் நிறுத்தி, சில்லுகளின் நடுவில் பெயாரிங் இருக்கும் இரண்டு ஹப்களையும் கையால் தொட்டுப் பார்க்கிறோம். இளஞ்சூடு இயல்பானது, கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பெயாரிங்கில் கோளாறு. சில்லு நட்டுகளை அதே இடத்தில் மீண்டும் ஒருமுறை இறுக்குகிறோம். படகின் முகப்பு, அதை ட்ரெயிலரின் மேல் இழுத்தேற்றும் வின்ச்சின் பட்டியால் மட்டும் பிணைக்கப்பட்டிருக்கக் கூடாது. அங்கே ஒரு தனிச் சங்கிலியும் பின்பக்கம் இரண்டு பட்டிகளும் வேண்டும்.

பெயாரிங் விடயத்தில் நானா சொன்ன ஒன்றை நான் முன்பு அறிந்திருக்கவில்லை. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய ஹப்பை உடனே கடலில் இறக்கினால், உள்ளேயிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, அடைப்பையும் மீறிக் கடல் நீரை உள்ளே உறிஞ்சிவிடும். அந்த நீர் கிறீஸோடு கலந்து பால் நிறமாகி, சில வாரங்களில் பெயாரிங்கைத் துருவாக்கும். எங்கள் பழைய ட்ரெயிலரில் வருடத்துக்கு ஒரு பெயாரிங் போனதற்கு அதுவே காரணம். இப்போது கற்பிட்டியில் களப்புப் பக்கம் ட்ரெயிலரை நீருக்குள் இறக்குவதற்கு முன், ஹப்கள் ஆறும்வரை அரை மணிநேரம் காத்திருக்கிறோம். அந்த நேரத்தில் சாமான்களைக் கெப்பிலிருந்து படகுக்கு மாற்றிவிடுகிறோம். நிலாவெளியில் ட்ரெயிலரை நீருக்குள் கொண்டுபோவதே இல்லை, மணலில் உருளை வைத்துப் படகைத் தள்ளுகிறோம்.

2024 செப்டெம்பரில், இரண்டாவது பருவத்துக்கு முன், நானாவிடமே பிரேக் பூட்டினேன். ட்ரெயிலரின் தள்ளலையே பயன்படுத்தும் வகை அது. கெப் வேகம் குறையும்போது ட்ரெயிலர் முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் பூட்டுத் தலையின் பின்னாலுள்ள தண்டை உள்ளே அழுத்தி, கேபிளை இழுத்து, ட்ரெயிலரின் சில்லுகளிலுள்ள பிரேக்கைப் பிடிக்க வைக்கும். ஓட்டுநர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ட்ரெயிலர் முழுவதுமாகக் கழன்றால் பிரேக்கைத் தானே இழுத்துப் பிடிக்கும் ஒரு மெல்லிய கேபிளும் உண்டு. அதை உருண்டையில் மாட்டாமல் குறுக்குச் சட்டத்தில் மாட்ட வேண்டும், ஏனெனில் கழலப்போவதே உருண்டைதான். வித்தியாசத்தை முதல் சரிவிலேயே உணர்ந்தேன். முன்பு பிரேக் பிடிக்கும்போது முதுகில் வந்து மோதிய தள்ளல் இப்போது இல்லை.

ஆனால் இந்த அமைப்பில் ஒரு பலவீனம் இருக்கிறது. பின்னோக்கிச் செலுத்தும்போதும் தண்டு அழுந்துவதால் பிரேக் பிடித்துக்கொள்ளும், மேட்டில் பின்னுக்கு நகரவே முடியாது. அதற்காக நானா ஒரு ஊசியைச் செய்து தந்திருக்கிறார். அதைச் செருகினால் தண்டு அழுந்தாது. வேலை முடிந்ததும் அந்த ஊசியை எடுக்க மறந்தால், ட்ரெயிலருக்குப் பிரேக்கே இல்லை, ஓட்டுநருக்கு அது தெரியவும் தெரியாது. நான் ஊசியில் ஒரு முழ நீளச் சிவப்புத் துணியைக் கட்டி, அதை எடுத்துக் கெப்பின் திறப்போடு மாட்டாமல் வாகனத்தை இயக்குவதில்லை என்று வைத்திருக்கிறேன். பின்னோக்கிச் செல்லும்போது தானாக விடுவிக்கும் வகை ஹப்களும் இருக்கின்றன. விலை கூடினாலும், புதிதாகச் செய்விப்பவர்கள் அதையே கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பின்னோக்கிச் செலுத்துவதற்குக் கையை ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் வைத்துக்கொண்டு, ட்ரெயிலர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும் என்பதை நானாவின் மூத்த மகன் கற்றுத்தந்தார். என் மச்சான் பின்னால் நின்று சைகை காட்டுவான். கண்ணாடியில் அவன் முகம் தெரியாத நொடியில் நிறுத்திவிட வேண்டும் என்பது எங்களுக்குள் உள்ள ஒப்பந்தம்.

விலையைப் பொறுத்தவரை, பழைய ட்ரெயிலர் ஒன்றுக்குக் கொடுப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்தேன். பாதி முற்பணமாகவும் மீதி நிறுத்துப் பார்த்த பிறகும். மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்னது ஐந்து வாரமானது, அறுவடைக் காலத்தில் உழவு இயந்திரக்காரர்களின் வேலை முந்திக்கொள்வதே காரணம். ஆகவே அவரிடம் செய்விக்க விரும்புவோர் அறுவடை இல்லாத மாதங்களில் போக வேண்டும், டயரின் இலக்கத்தைத் தாங்களே வாசிக்க வேண்டும், மின் வேலையை வேறு கைக்குக் கொடுக்க வேண்டும். சட்டகம், அச்சு, பூட்டு, பிரேக் ஆகியவற்றில் அவருடைய கையை நான் முழுமையாக நம்புகிறேன். என் பிள்ளைகள் கெப்பின் பின் ஆசனத்தில் இருக்கும்போதும் அந்தப் படகை இழுத்துக்கொண்டு அநுராதபுர வீதியில் போகிறேன்.

அடுத்த பருவத்துக்குப் புறப்படுவதற்கு முன் ஹப்களைத் திறந்து கிறீஸை மாற்றவும், பிரேக் கேபிளை மீண்டும் இறுக்கவும் அவரிடம் நாள் கேட்டிருக்கிறேன். படகையும் கொண்டுவரச் சொன்னார். கடந்த வருடம் கூரையை மாற்றினோம் அல்லவா, மறுபடி நிறுக்க வேண்டுமாம்.